சிறுதளங்களும் தமிழ்க் கவிதையும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்லில் வெட்டிய எழுத்து, வெட்டியவன் மறைந்த பின்னும் நின்றது. ஓலையில் கீறிய எழுத்தோ தலைமுறைதோறும் புதிய ஓலைக்கு மாற்றி எழுதப்பட்டாலன்றி நிலைபெறவில்லை. வலைத்தளத்தில் ஏற்றிய எழுத்து இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? 1990களில் தமிழில் சிறுதளங்களை அமைத்தோருள் மிகச் சிலரே இவ்வினாவை எழுப்பிக்கொண்டனர். இன்று திரும்பி நோக்குமிடத்து, அப்பக்கங்களுள் எவை பிழைத்தன, எவை மறைந்தன என்பதைத் தீர்மானித்தது பக்கத்தின் அழகு அன்று. அமைத்தவரின் கணினிப் புலமையும் அன்று. எழுத்தை எவ்வடிவில் சேமிப்பது, அதனை எவர் இடத்தில் வைப்பது என்று தொடக்க நாளிலேயே செய்யப்பட்ட இரு முடிவுகளே அவற்றின் ஆயுளை வரையறுத்தன. கவிதையை வலையில் ஏற்றியோர்க்கும் ஏற்ற நினைப்போர்க்கும் இவ்வரலாறு அயலான ஒன்றன்று.

முதல் தளமும் அதன் பாயிரமும்

ஜெனீவா நகரை ஒட்டி அமைந்துள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989 மார்ச்சில் தம் மேலதிகாரியிடம் ஒரு திட்ட வரைவை அளித்தார். அங்கு ஆய்வாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். ஒருவர் போகும்போது அவர் அறிந்திருந்த செய்தியும் உடன் போயிற்று. எந்த ஆவணம் எந்தக் கணிப்பொறியில் உள்ளது என்று தேடுவதே பெருஞ்சுமையாயிற்று. இக்குறையை நீக்க, ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்துக்குத் தாவிச் செல்லும் இணைப்புகளால் ஒரு வலையைப் பின்னலாம் என்பதே அவ்வரைவின் சாரம். வரைவு தெளிவற்றது, எனினும் ஆர்வமூட்டுவது என்னும் பொருள்பட மேலதிகாரி மைக் செண்டால் அதன் மேல் குறிப்பெழுதினார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ட் என்னும் கணிப்பொறி ஒன்றில் முதல் வலை வழங்கியும் முதல் உலாவியும் உருப்பெற்றன. அப்பொறியை எவரேனும் அறியாமல் நிறுத்திவிட்டால் உலகத்தின் ஒரே வலைத்தளமும் நின்றுபோகும் ஆதலின், இது வழங்கிப் பொறி, இதனை அணைக்க வேண்டா என்னும் எச்சரிக்கை கையால் எழுதி அதன் மேல் ஒட்டப்பட்டிருந்தது. 1991 ஆகஸ்டு 6ஆம் நாள் இம்முயற்சி ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலிருந்தோர்க்கும் அறிவிக்கப்பட்டது.

அம்முதல் தளம் மிகச் சிறியது. படம் இல்லை, வண்ணம் இல்லை. வைய விரிவு வலை என்பது யாது என்று சில வரிகளில் விளக்கம். அதன் கீழ், வலையில் என்னென்ன உள்ளன, உதவி பெறுவது எவ்வாறு, மென்பொருள்கள் யாவை, நுட்பச் செய்திகள், நூற்பட்டியல், பணியில் ஈடுபட்டோர், வரலாறு, வாசகர் எவ்வாறு உதவலாம், நிரல்களைப் பெறுவது எங்ஙனம் எனத் தலைப்புகள் வரிசையாக நின்றன. தமிழ் இலக்கணம் பயின்றோர் இவ்வரிசையைக் கண்டவுடன் நன்னூல் கூறும் சிறப்புப் பாயிரத்தை நினைவுகூர்வர். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டனையும் நூலின் வாயிலிலேயே உணர்த்திவிட வேண்டும் என்பது நம் மரபு. பாயிரம் இன்றேல் நூல் இல்லை என்னும் அளவுக்கு அதனை வற்புறுத்தியவர்கள் நாம். பெர்னர்ஸ் லீ நன்னூல் கற்றவர் அல்லர். எனினும் அறியாத வாசகனை நூலுக்குள் அழைத்துச் செல்ல வேண்டியவன் எந்நாட்டவனாயினும் ஏறத்தாழ அதே வினாக்களுக்கு விடை கூற வேண்டியவனாகிறான். பிற்காலத்தில் தளம் அமைக்கப் புகுந்தோருள் பலர், அசையும் படங்களையும் வருகையாளர் எண்ணிக்கை காட்டும் எண்பெட்டியையும் முகப்பில் வைத்துவிட்டு, இத்தளம் எவருடையது, எதைப் பற்றியது, எவருக்கானது என்பதைச் சொல்லாமலே விட்டனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

ஆங்கிலத்தில் அம்முதற் பக்கத்தை இல்லம் என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். தமிழில் ‘இல்லப் பக்கம்’ என்றும் சிலர் எழுதிப் பார்த்தனர். வழக்கில் நின்றதோ ‘முகப்பு’. வருவோரைக் கண்டதும் திண்ணையும் முற்றமும் நினைவுக்கு வரும் மொழி இல்லத்தை விட்டு முகப்பைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

அப்பக்கங்களை எழுதப் பயன்பட்ட எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியின் முதல் விளக்கத்தில் 18 குறிகளே இருந்தன. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று எழுத்துக்கு முன்னும் பின்னும் அடையாளம் இடுவதே அதன் இயல்பு. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் ஓரத்தில் இடும் குறிகளை அறிந்தவர்க்கு இது முற்றிலும் புதிய கலையன்று.

இத்துணைச் சிறப்புடைய அம்முதற் பக்கத்தின் முதல் வடிவம் பேணப்படவில்லை. பக்கத்தில் திருத்தம் செய்தபோதெல்லாம் பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டது. பழைய படியை எடுத்து வைக்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை. 2013ஆம் ஆண்டில் செர்ன் நிறுவனம் அத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவ முனைந்தபோது, அவர்களுக்குக் கிடைத்தது 1992ஆம் ஆண்டுப் படியே. சுவடிப் பதிப்பாசிரியர் மூல ஏடு கிடைக்காமல் வழிப்படி ஏட்டைக் கொண்டு பதிப்பிக்கும் நிலை, பிறந்து இருபது ஆண்டுகளே கடந்த ஒரு நூலுக்கு நேர்ந்தது.

எளியோர் கைக்கு வந்த அச்சுக்கூடம்

1993 ஏப்ரல் 30ஆம் நாள், வலையின் அடிப்படை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. அதே ஆண்டில் எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் மொசைக் உலாவி பரவியது. இவ்விரண்டும் சேர்ந்தே வலையை ஆய்வுக்கூடத்திலிருந்து பொதுமக்களிடம் கொண்டு வந்தன எனலாம்.

தொடக்கநிலையாளர் தளம் அமைக்கக் கற்ற முறை கவனிக்கத்தக்கது. அவர்களுக்குப் பள்ளி இல்லை. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் மூலத்தைக் காட்டுமாறு பணித்தால், அப்பக்கத்தை ஆக்கியவர் எழுதிய குறிகள் அனைத்தும் அப்படியே கண்முன் விரியும். அதனைப் பார்த்து எழுதி, பெயரையும் செய்தியையும் மாற்றித் தமக்கொரு பக்கம் சமைத்தனர். ஆசிரியர் எழுதிய எழுத்தின் மேல் மாணவன் கையோட்டிப் பழகும் திண்ணைப் பள்ளி முறை இதுவே. திட்டமிடலும் எளியதாகவே இருந்தது. ஒரு தாளில் முகப்புக்கு ஒரு கட்டம், அதிலிருந்து பிரியும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கட்டம், இடையே கோடுகள் என வரைந்துகொள்வர். கட்டத்துக்கு ஒரு கோப்பு. எல்லாக் கோப்புகளும் ஒரே உறையில். முகப்புக் கோப்புக்கு ‘இண்டெக்ஸ்’ என்னும் பெயர். இவை முடிந்தபின் தொலைபேசி வழியே வழங்கிக்கு அனுப்பி வைப்பர். கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் இணைப்பு அறுந்துபோகும் என்பதே அவர்கள் முதலில் கற்ற பாடம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியில் நொடிக்கு 14,400 துணுக்குகள் வருவதே அக்காலத்தில் நல்ல வேகம் எனக் கருதப்பட்டது. அவ்வேகத்தில் 50 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் வந்து சேர, தடையேதும் இல்லாவிடினும், ஏறத்தாழ 28 நொடிகள் ஆகும். இருபது அடிக் கவிதை ஒன்றோ குறிகளோடு சேர்த்தும் ஒரு கிலோபைட்டைத் தாண்டாது. ஒரு நொடிக்குள் வந்துவிடும். 1.44 மெகாபைட் கொள்ளும் ஒரு நெகிழ்வட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கவிதைகளை அடக்கலாம். சிற்றிதழ் நடத்தியோர் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் அஞ்சல் தலைக்கும் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இக்கணக்கின் பொருளை உணர்வர். வலையின் ஏழ்மைக் காலத்துக்கு மிகவும் பொருந்திய இலக்கிய வகை கவிதையே.

இடம் தருவோரும் தோன்றினர். 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜியோசிட்டீஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனம், கேட்டவர்க்கெல்லாம் கட்டணமின்றிச் சில மெகாபைட் இடம் அளித்தது. ஊர் போன்ற அமைப்பு அதற்கு. கல்வியும் தத்துவமும் எழுதுவோர்க்கு ‘அதென்ஸ்’, கலைஞர்க்கும் எழுத்தாளர்க்கும் ‘சோகோ’ எனப் பேட்டைகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனை எண் வழங்கப்பட்டது. அயல்நாடுகளில் பயின்ற, பணியாற்றிய தமிழர் பலரும் அங்கே மனை பிடித்தனர். மனை இலவசமாயினும் அது பட்டா நிலம் அன்று, புறம்போக்கும் அன்று. பிறர் தோட்டத்தில் போட்ட குடிசை.

தமிழ் எழுத்தின் தனி இடர்

ஆங்கிலத்தில் தளம் அமைப்போர்க்கு எழுத்தைப் பற்றிய கவலை இல்லை. தமிழர்க்கோ முதற்கவலையே அதுதான். அக்காலக் கணிப்பொறியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள். அவற்றுள் முற்பாதியை ரோமன் எழுத்தும் எண்ணும் குறிகளும் கொண்டிருந்தன. எஞ்சிய 128க்குள் 247 எழுத்துகள் அடங்கா. எனவே எழுத்துகளைக் கொம்பு, கால், விசிறி எனத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இடம் அளித்தனர். ‘கொ’ என்னும் ஓரெழுத்து, ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிக்கப்பட்டது. அச்சுக்கோப்போர் கையாண்ட முறையே இது. கண்ணுக்கு எழுத்து சரியாகத் தெரிந்தது. ஆயின் எந்தத் துண்டை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சென்றனர். சிலர் ரோமன் எழுத்துகளை அகற்றிவிட்டு அவ்விடத்திலேயே தமிழை வைத்தனர். இலங்கைத் தமிழரிடையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு இவ்வகையது. பாமினியில் தட்டெழுதிய ‘அம்மா’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ரோமன் குறிகளாக நிற்கும். ஒரு கவிதை முழுவதும் இவ்வாறு தோன்றினால் எவர் படிப்பர்?

இவ்விடரின் நடுவே முன்சென்றவர்களுள் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறப்பாக நினைக்கத்தக்கவர். அவர் சிறுகதையாளர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர், கணிப்பொறியியல் அவருடைய தொழில் அன்று. தமிழைக் கணினியில் எழுதக் ‘கணியன்’ என்னும் அமைப்பை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஒரு வலைத்தளத்தை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தபோது, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ்க் கவிதையும் வலையேறியது. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் கோவிந்தசாமி. தமிழ் இணையத்தின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று, வணிகச் செய்தியோ அரசு அறிவிப்போ அன்றிக் கவிதைத் தொகுப்பாக அமைந்தது கவிஞர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. ‘இணையம்’ என்னும் சொல்லும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணையத்துக்கெனக் கூடிய முதல் மாநாட்டிலும் அவருடைய பங்கு பெரிது. 1999 மே மாதத்தில் அவர் மறைந்தார். அப்போது அவர்க்கு வயது 53.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழும் கு. கல்யாணசுந்தரமும் கணினித் தொழிலர் அல்லர், வேதியியல் ஆய்வாளர். ‘மயிலை’ என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கியவர். மலேசியாவின் முத்து நெடுமாறனோ பொறியியலாளர். 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியவர். இவர்களும் இன்னும் பலரும் உலகின் பல மூலைகளிலிருந்து மின்னஞ்சல் வழியே வாதிட்டு, ‘திஸ்கி’ என வழங்கும் பொதுக் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் வேறிரு முறைகளை ஏற்றது. ஒற்றுமைக்கான முயற்சிகளே ஒன்றுக்கு மேற்பட்டவை ஆயின. இதனைக் குறை கூறுவது எளிது. ஆயினும் அன்று எழுதிய ஒவ்வொருவரும் தம் கையில் உள்ள கணிப்பொறியில் அன்றே தமிழ் தெரிய வேண்டும் என்று விழைந்தனர். பிற்காலத்துக்காகக் காத்திருக்க அவர்களால் இயலவில்லை.

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் அளிக்கும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. எனினும் பொதுமக்கள் பயன்படுத்தும் விண்டோஸ் அதனை ஏற்றுத் தமிழைக் காட்டியது விண்டோஸ் 2000 வந்த பின்னரே. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் ஆகும். கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் அன்றி ஒலிக்கும் வரிசையில் எழுத்து சேமிக்கப்படுகிறது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரப்படவில்லை என்னும் மனக்குறை தமிழறிஞர் பலர்க்கு உண்டு. அக்குறை நியாயமானதே. 2010 ஜூனில் ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றபோது, உயிர்மெய்க்குத் தனி இடம் தரும் ‘டேஸ் 16’ என்னும் முறையையும் உடன் ஏற்றமைக்கு அதுவே காரணம்.

பிழைத்தவையும் மறைந்தவையும்

1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரமும் நண்பர்களும் ‘மதுரைத் திட்டம்’ என்னும் மின்னூல் முயற்சியைத் தொடங்கினர். தன்னார்வலர்கள் தத்தம் ஊர்களிலிருந்து பழைய நூல்களைத் தட்டெழுதி அனுப்ப, வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். இத்திட்டத்தின் மின்னூல்களில் மூன்று செய்திகள் உற்றுநோக்கத்தக்கன. முதற்பக்கத்தில் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் உள்ளன. ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயர் பொறிக்கும் பழைய வழக்கம் இது. இம்முதற்பக்கத்தை நீக்காமல் எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என்னும் இசைவும் அங்கேயே உள்ளது. எல்லாவற்றினும் மேலாக, பக்கத்தின் அழகை நாடாமல் எழுத்தை மட்டும் ஒரு பொதுமுறையில் சேமித்து வைத்தமையால், ஒருங்குறி பரவியபோது திஸ்கியில் இருந்த நூல்களை அதற்கு மாற்றி எழுத முடிந்தது. ஓலை பழுதுறுமுன் புதிய ஓலைக்கு மாற்றியவர்கள் அவர்கள்.

தனியொருவர் அமைத்த சிறுதளங்களுக்கு இவ்வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. 1999இல் ஜியோசிட்டீஸை யாஹூ நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. பத்தே ஆண்டுகளில், 2009 அக்டோபர் 26ஆம் நாள், அதனை மூடியது. அறிவிப்பைக் கண்டு தம் பக்கங்களை எடுத்துக்கொண்டோர் உண்டு. பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வந்த அறிவிப்பைக் காணாதோரும், அமைத்தவர் இறந்துபோனமையால் கேட்பாரற்றுக் கிடந்த பக்கங்களும் இருந்திருக்கத்தானே வேண்டும்? ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவினர் மூடுமுன் தம்மால் இயன்ற மட்டும் படியெடுத்து, 2010இல் பொதுவில் வைத்தனர். சுருக்கிய வடிவிலேயே அது 600 கிகாபைட்டைக் கடந்தது. 1996இல் நிறுவப்பட்ட இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் ஆவணக் காப்பகமும் பழைய பக்கங்கள் பலவற்றைக் காத்துள்ளது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளைப் பற்றி உ.வே. சாமிநாதையர் எழுதியதைப் படித்து வருந்தியவர்கள், ஆற்றின் கரையில் நின்று ஏடுகளை அள்ளியவர்களாகவே இவர்களைக் காண்பர்.

முகவரியும் ஒரு காரணம். 1998இல் பெர்னர்ஸ் லீ எழுதிய குறிப்பொன்றில், பக்கத்தின் முகவரி மாறலாகாது என்றும், மாறக்கூடியவற்றை முகவரியில் சேர்ப்பதே பிற்காலச் சிதைவுக்கு வழியாகிறது என்றும் வற்புறுத்தினார். இடத்தை மாற்றியவர் கவிதையைக் காத்தார். ஆயின் அக்கவிதையைச் சுட்டிப் பிறர் எழுதிய இணைப்புகள் யாவும் அறுந்தன. சிறிய தொகை செலுத்தித் தம் பெயரிலேயே முகவரி பெற்றோர் வழங்கியை மாற்றியபோதும் இணைப்பு அறவில்லை. ஆண்டுதோறும் அம்முகவரியைப் புதுப்பிக்க மறந்தோர் அதனையும் இழந்தனர்.

படியெடுத்துக் காக்கப்பட்ட பக்கங்களிலும் கவிதை உடனே கிடைத்துவிடுவதில்லை. பக்கம் திறக்கும், அமைத்தவர் தேர்ந்த பின்புல வண்ணமும் இருக்கும், எழுத்தின் இடத்தில் அரைப்புள்ளியும் ரோமன் எழுத்துமாகக் குவிந்திருக்கும். சுரதா யாழ்வாணன் அமைத்த ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்து மாற்றிகளே அங்குத் துணை. அக்குவியலை அதில் இட்டு, பாமினி, மயிலை, அஞ்சல், திஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்க்க வேண்டும். பொருந்தாத முறையைத் தேர்ந்தால் கொம்பும் காலும் இடம் மாறிப் பொருளற்ற தமிழ் வரும். பொருந்தும் முறை அகப்படும்போது, முதலடி முதல் ஈற்றடி வரை கவிதை ஒரே வீச்சில் தமிழாகும். ககர ஙகரம் ஒன்றுகூடப் பிறழ்வதில்லை. அடியில் பெரும்பாலும் கவிஞரின் பெயரும், இப்போது செல்லாத ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருக்கும்.